நடுமுதுகில் ஓர் ஐந்து ரூபாய்க் குற்றி

போன மார்கழியில் ஒரு காலை. கண்டியில் ஹந்தானைப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த மாதத்துக் குளிர் தெரியும், ஏழரை மணியானாலும் மலையில் மூட்டம் கலையாது. விளக்கு வைத்துவிட்டு, குசினி மேல்தட்டிலிருந்த தேயிலைப் போத்தலை எடுக்க வலது கையைத் தூக்கினேன். அவ்வளவுதான். தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே யாரோ ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றைச் சுடவைத்து அழுத்தினாற்போல இருந்தது. கை பாதியில் நின்றுவிட்டது. மூச்சை இழுத்தால் குத்துகிறது. யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப முடியவில்லை, பழைய லொறி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி முழு உடம்போடும் திரும்ப வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு விநாடியில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "வாயு. நேத்து ராத்திரி உருளைக்கிழங்க அள்ளிப் போட்டுக்கிட்டியே." பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவும் "வாதே தான்" என்று சொல்லி ஒரு சின்னப் போத்தலில் கறுப்பு எண்ணெய் கொண்டுவந்து தந்தார். கடைக்குப் போனால் முதலாளி மெத்தையை மாற்றச் சொல்கிறார். த்ரீவீலர்த் தம்பி, பள்ளத்தில் இறக்கும்போது நான் முனகியதைக் கேட்டு, தன் மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்றான். மாமாவுக்குப் பிறகு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

கோடாலித் தைலம், சித்தாலேப, உப்பு ஒத்தடம், பெனடோல் என்று மூன்று நாள் போயின. நான்காம் நாள் இரவு, படுத்திருக்கும்போது வலி முன்பக்கம் நெஞ்சுக்கு வந்தது போல ஒரு எண்ணம். எங்கள் அப்பா நெஞ்சடைப்பில் போனவர். நடுச்சாமத்தில் இந்த நினைப்பு வந்தால் பிறகு எங்கே தூக்கம்? விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்துக்கொண்டேன். அதில் ஒன்றும் இல்லை. இளம் டாக்டர் ஒருவர், அரைகுறைத் தமிழில் பொறுமையாகக் கேட்டார். என்ன வேலை, எத்தனை மணி நேரம், காய்ச்சல் இருந்ததா, உடம்பு மெலிந்ததா, காலில் விறைப்பு உண்டா. பிறகு ஒரே விரலால் அந்த இடத்தை அழுத்தினார். சத்தமே போட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "இது தசை" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனதற்காக வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். நான் போனது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். மேல்முதுகு வலியில் பெரும்பாலானவை தசையும் மூட்டும் சம்பந்தப்பட்டவை, சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். ஆனால் இடுப்பு வலிபோல இதை முழுக்க அசட்டை செய்ய முடியாது, ஏனென்றால் இந்த இடத்துக்கு முன்னால்தான் நெஞ்சு இருக்கிறது. முதுகு வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்று வந்தால் தைலத்தைத் தேடாதீர்கள், 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலியைவிட முதுகும் களைப்பும் குமட்டலும் முந்திக்கொள்வதும் உண்டு. இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவே திடீரென்று கிழிக்கிற மாதிரி வலித்தால், அது நெஞ்சின் பெரிய இரத்தக்குழாய் கிழிவதாகவும் இருக்கலாம். அதற்கு ஒரு நிமிடமும் தாமதம் கூடாது. கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வலது பட்டைக்குக் கீழே வலித்தால் பித்தப்பைக் கல்லை நினைக்க வேண்டும். இரவில் ஓயாத வலி, காய்ச்சல், காரணமில்லாத மெலிவு இருந்தால் எலும்புக் காசம் வரைக்கும் பார்க்க வேண்டும், முதுகெலும்பில் காசநோய் அதிகம் பிடிக்கிற இடங்களில் இந்த நடுப்பகுதியும் ஒன்று. கால் விறைத்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. என்னைப் போல நான்கு நாள் காத்திருக்க வேண்டாம்.

சரி, என் குற்றிக்கு வருகிறேன்.

கழுத்துக்குக் கீழே, விலா எலும்புகள் பொருந்தும் இடத்தில் பன்னிரண்டு முதுகெலும்புகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விலா எலும்பு. கூண்டு கட்டினாற்போல இறுக்கமான அமைப்பு அது, அதனால்தான் இடுப்பிலும் கழுத்திலும் கேள்விப்படுகிற அளவுக்கு இங்கே டிஸ்க் விலகுவதில்லை. இந்தக் கூண்டின் மேல் தோள்பட்டை எலும்பு கிட்டத்தட்ட மிதந்துகொண்டிருக்கிறது. கூண்டோடு எலும்பு வழியாக அது சேருவது முன்னால் கழுத்தெலும்பின் நுனியில் மட்டும், மற்றதெல்லாம் தசைகள் பிடித்திருக்கிற பிடிதான். பிடரியிலிருந்து இரு தோளுக்கும் விரிந்து நடுமுதுகில் கூராக முடியும் ட்ரபீசியஸ், அதற்கு அடியில் பட்டையை முதுகெலும்போடு இழுத்துப் பிடிக்கும் ரோம்பொயிட். என் குற்றி இருந்தது ரோம்பொயிட் மேல். கையை முன்னால் நீட்டி எதைச் செய்தாலும், தட்டச்சோ தையலோ ரொட்டி தட்டுவதோ, இவை பின்னால் நின்று கயிறு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய பாரம் ஒன்றும் இல்லைதான். ஆனால் விடுதலையும் இல்லை.

பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பிள்ளை என் கழுத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன விஷயம்தான் எனக்குப் புதிது. வலிக்கிற இடமும் பழுதான இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லையாம். கழுத்தின் கீழ்மூட்டுகளில் கோளாறு வந்தால் அந்த வலி இறங்கி, பட்டைக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளுமாம். நான் குற்றி வைத்த இடத்தையே நாள்முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவளோ கழுத்தை மெதுவாகப் பின்னுக்குத் தள்ள வைத்தாள், இரட்டைத் தாடை விழுகிற மாதிரி. பத்துத் தடவை. முதுகு வலி கொஞ்சம் இளகியது.

என் வேலை மொழிபெயர்ப்பு. சிங்களத்திலிருந்து தமிழுக்கு, பெரும்பாலும் சுற்றறிக்கைகளும் விண்ணப்பப் படிவங்களும். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் மூலப் பிரதி, காலை எட்டுக்கு உட்கார்ந்தால் பசிக்கிறபோதுதான் எழுவது. இதில் நானே பார்க்காத ஒரு வில்லன் இருந்தது. போன வருடம் மாற்றிய கண்ணாடி! கீழ்ப்பாதியில் வாசிக்கும் வில்லை. திரையைப் பார்க்க, என்னை அறியாமலே நாடியைத் தூக்கித் தலையை முன்னுக்கு நீட்டி, ஆமை ஓட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். மகன் கைபேசியில் படம் எடுத்துக் காட்டியபோது வெட்கமாகப் போய்விட்டது.

தலையைக் குனிந்தால் கழுத்துக்கு இருபத்தேழு கிலோ பாரம் என்று ஒரு படம் எல்லோர் கைபேசிக்கும் வந்திருக்கும். அது 2014இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு நிபுணர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு. நிமிர்ந்திருக்கையில் ஐந்து கிலோவாக இருக்கும் தலை, அறுபது பாகை குனிந்தால் அவ்வளவு இழுக்கும் என்கிறது. மனிதர்களிடம் அளந்து பார்த்ததல்ல. குனிகிறவர்கள் எல்லோருக்கும் வலி வருவதில்லை, விறைத்து நிமிர்ந்து உட்காருகிறவர்களுக்கும் வருகிறது. 'நேராக உட்கார்' என்று பள்ளிக்கூடத்தில் அடித்தடித்துச் சொன்னார்களே, அதைவிட 'அடிக்கடி அசைந்து உட்கார்' என்று சொல்லியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். எந்த நிலையில் இருந்தாலும் ஒரே நிலையில் மணிக்கணக்காக இருப்பதுதான் தசைக்குப் பகை.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். பதினைந்து வயதில் தேயிலைத் தோட்டத்தில் கூடை எடுத்தவர், அறுபது வரைக்கும் கொழுந்து எடுத்தார். நான் கழுத்து மூட்டு, தசைப்பிடிப்பு என்று சொல்லச் சொல்லப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வாயுவும் இல்ல ஒண்ணுமில்ல பாப்பா. நீ அசையாம குந்திக்கிட்டே இருக்க" என்றார். பிசியோதெரபிக்காரப் பிள்ளை அரை மணி நேரத்தில் சொன்னதை அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

"ஒங்களுக்கு வலிக்கலியாம்மா?"

"மலையில நிக்கிறப்ப தெரியாது. ராவுல படுத்தாத்தான்."

இத்தனை வருடத்தில் நான் இந்தக் கேள்வியை இதற்கு முன் அம்மாவிடம் கேட்டதே இல்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கூடையின் கயிறு தோளில் மாட்டுவதில்லை. நெற்றிக்கு மேலே, உச்சிக்குச் சற்று முன்னால், துணியை நாலாக மடித்து வைத்து அதன்மேல் கயிறு. கூடை முதுகில் தொங்கும். இடுப்பில் படங்கு, மழைக்கும் செடி கிழிக்காமல் இருக்கவும். இரண்டு கையும் செடிமேல் ஓடும், ரெண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ளிக் கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னே ஒரு வீச்சு. குறி தப்பாது. காலடியில் சரிவு, மழைநாளில் வழுக்கல், போதாக்குறைக்கு அட்டை. நாளுக்கு இரண்டு மூன்று நிறுவை. ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழப் பதினெட்டுக் கிலோ, தோட்டத்துக்குத் தோட்டம் கூடும் குறையும். கொழுந்து கொட்டுகிற மாதத்தில் அம்மா முப்பது கிலோவைத் தாண்டி எடுத்திருக்கிறார். மழைக் கொழுந்து இன்னும் பாரம், ஆனால் நிறுக்கும் மடுவத்தில் தண்ணிக்கென்று கழித்துவிடுவார்கள். அதாவது அந்தத் தண்ணீரையும் சுமக்க வேண்டும், சம்பளம் மட்டும் கிடையாது.

அம்மாவின் தலையில், வகிட்டுக்குக் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு முடி மெலிந்த ஒரு பட்டை இருக்கிறது. எண்ணெய் வைக்கும்போது என் விரலுக்கு அங்கே லேசான ஒரு பள்ளம் தட்டுப்படும். சின்ன வயதில் எல்லா அம்மாக்களின் தலையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பிறகு தேடிப் படித்தபோது கென்யாவில் கிக்குயு இனப் பெண்களைப் பற்றிய ஒரு ஆய்வு கிடைத்தது, 1986இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அவர்களும் நெற்றிப் பட்டையில்தான் சுமக்கிறார்கள், மண்டையோட்டிலேயே நிரந்தரமாகப் பள்ளம் விழுவது அங்கே சாதாரணம் என்று எழுதியிருக்கிறார்கள். அதே ஆய்வின் பெரிய வியப்பு வேறு. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை அந்தப் பெண்கள் கூடுதலான சக்தி எதுவும் செலவழிக்காமலே சுமந்து நடந்தார்களாம். 2005இல் வந்த இன்னோர் ஆய்வில் நேபாளச் சுமைதூக்கிகளை அளந்திருந்தார்கள். அவர்களிடமும் நெற்றிப் பட்டைதான். நாம்சே சந்தைக்குப் போகிற வழியில் ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 வீதத்தையும் பெண்கள் 66 வீதத்தையும் சுமந்திருக்கிறார்கள், அதுவும் முதுகுப்பையில் சுமப்பவர்களைவிடச் சிக்கனமாக. படிக்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே அளந்தது மூச்சில் போகும் ஒக்சிஜனை. ராத்திரி படுத்தபின் வரும் வலிக்கு அந்தக் கருவி இல்லை.

தலையில் மாட்டிய கயிறு கூடையைக் கீழே இழுக்க, தலை பின்னுக்குப் போகாமல் இருக்கக் கழுத்து முன்னே தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். நான் திரையை நோக்கி நீட்டுகிற அதே ஆமைக் கழுத்துதான், பின்னால் பாரம் வேறு. அம்மாவுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் என்னைவிட நல்லது. நாள்முழுக்கக் கை வீச்சும் கால் ஏற்றமும் இருந்தன. நான் எட்டு மணி நேரத்தில் நடந்தது குளியலறைக்கும் திரும்பவும். இதைச் சொன்னால் சிலர் 'அந்தக் காலத்து உழைப்பு, அதனால் ஆரோக்கியம்' என்று தொடங்கிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். அசைவு மருந்தாவது நம் அளவுக்கு நாம் எடுக்கிறபோதுதான். கங்காணி அளந்து ஊற்றுகிற மருந்து அல்ல அது.

எங்கள் வீட்டிலிருந்து மேலே ஏறினால் தேயிலை அருங்காட்சியகம். 1925இல் கட்டிய ஹந்தானைத் தொழிற்சாலை அது, பல வருடம் பாழடைந்து கிடந்து 2001 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ரோலர், ட்ரையர், என்ஜின் எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள். 1867இல் லூல்கந்துரையில் முதல் வணிகத் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் சாமான்களும் இருக்கின்றன. மேல்மாடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே தொலைநோக்கியில் கண்டியைப் பார்க்கலாம். அம்மாவை ஒருமுறை கூட்டிப்போனேன். ஒவ்வொரு இயந்திரத்தையும் தொட்டுப் பார்த்தார். திரும்பி வரும்போது "மெசினுக்கு எம்புட்டு எண்ணெ போட்டு வச்சிருக்கானுக" என்று மட்டும் சொன்னார்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாய் ஆனபோதும் 2024இல் 1350 ஆனபோதும் மாதக்கணக்கில் செய்தி படித்தேன். சம்பளம்தான் முதல் விஷயம், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கூடைப் பாரத்தைப் பற்றியோ, கயிறு எங்கே மாட்ட வேண்டும் என்பதைப் பற்றியோ அந்தச் செய்திகளில் ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. மூங்கில் கூடை போய் இப்போது பல மலைகளில் சாக்கு வந்துவிட்டது. கயிறு இன்னும் தலையில்தான்.

எனக்கு எது கேட்டது என்று கேட்பீர்கள். நிறையச் செய்தேன், மூன்றுதான் மிஞ்சின. முதலாவது எழுந்திருப்பது. கைபேசியில் நாற்பது நிமிடத்துக்கு மணி வைத்திருக்கிறேன், அடித்ததும் எழுந்து முற்றம் வரைக்கும் போய் வருவேன். இரண்டாவது, துவாயைச் சுருட்டி முதுகுத்தண்டுக்குக் குறுக்கே பட்டைகளின் கீழ்நுனி மட்டத்தில் வைத்து, முழங்காலை மடக்கித் தரையில் மல்லாந்து, கைகளைத் தலைக்குமேல் விட்டு இரண்டு நிமிடம். முதல் நாள் விலா எலும்பு முறிகிற மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் அதுவே சுகமாகிவிட்டது. மூன்றாவது, கதவு நிலையில் ஒரு பழைய சீலைத் துண்டைக் கட்டி, இரு முனையையும் பிடித்துச் சற்றே பின்சாய்ந்து, முழங்கையைப் பின்னுக்கு இழுத்துப் பட்டைகளைச் சேர்ப்பது. பதினைந்து தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். இழுத்து நீட்டுவது அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும், தசை உரம் பெற்றால்தான் வலி திரும்பி வருவது குறையும். எனக்கு ஆறு வாரம் பிடித்தது.

மடிக்கணினிக்கு அடியில் மூன்று அகராதிகளை அடுக்கித் திரையைக் கண் மட்டத்துக்கு ஏற்றினேன், தனி விசைப்பலகை வாங்கினேன். திரைக்கென்று ஒரே பார்வை வில்லைக் கண்ணாடி ஒன்றும். ஒத்தடமும் தைலமும் நல்லவைதான், சூட்டில் தசை இளகி அசைய விடும். அதற்காகத் தைலத்தைப் பூசிக்கொண்டு கட்டிலில் கிடந்தால் இறுக்கம் கூடத்தான் செய்யும், பெனடோலைப் போட்டுக்கொண்டு கிடந்தாலும் அப்படியே. எக்ஸ்ரே எடுக்கவில்லையா என்று கேட்டவர்களுக்கு, டாக்டர் தேவையில்லை என்றார் என்பதே பதில்.

ஒரு தப்பும் செய்தேன். சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு, கழுத்தைச் 'சொடக்கு' எடுக்கிறவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். ஒரு திருகு. காதுக்குள் மரக்கிளை முறிந்த சத்தம், பிறகு இரண்டு நாள் தலைசுற்றல். கழுத்து வழியாக மூளைக்கு இரத்தம் போகிற குழாய்கள் இருக்கின்றன, படாத இடத்தில் பட்டால் அவை கிழியும் என்பதைப் பிறகுதான் படித்தேன். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

என் வலி போய்விட்டது, எப்போதாவது தலைகாட்டும். அம்மாவின் கதை வேறு. சாமிப் படத்துக்குப் பூ வைக்க முன்பு எட்டிய கை இப்போது எட்டுவதில்லை என்று இந்த வருடம்தான் கவனித்தேன். அளந்து பார்த்தோம், எப்போதோ எழுதி வைத்த உயரத்தைவிட இரண்டு அங்குலம் குறைவு. வெறும் கூன் என்று நாங்கள் நினைத்தது, எலும்பு மெலிந்து நடுமுதுகு எலும்புகள் இரண்டு சத்தமில்லாமல் நசுங்கியதால் வந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது நிறைய நடக்கிறது, பாதிப் பேருக்கு மேல் தெரியாமலே நடக்கிறது. இப்போது மாத்திரை எடுக்கிறார், முற்றத்தில் என்னோடு நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கிறார்.

உங்கள் வீட்டிலும் கூடை தூக்கிய அம்மாவோ அத்தையோ இருந்தால், சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு உயரத்தை அளந்து வையுங்கள். பழைய அளவிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால், அடுத்த கிளினிக் நாளில் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.